டை காஸ்ட் பாகத்தில் ஹார்டு அனோடைசிங் கெட்டுப்போனால் எங்கிருந்து தேடுவது?

"அண்ணா, ஒரு மூலை மட்டும் கரைஞ்சு போச்சுங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று, பாகங்களை மாட்டி டேங்கில் இறக்கும் ராக்கைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் ஆபரேட்டர் சொன்னார். நல்லாத்தான் இருக்கு என்றது அவருடைய நல்ல மனசு. ராக்கில் பன்னிரண்டு வால்வ் பாடிகள். எல்லாம் ஏடிசி12 என்ற அலுமினிய அலாய், பிரஷர் டை காஸ்டிங், அதாவது உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு அச்சுக்குள் (டை) செலுத்தி வார்த்தவை. எங்கள் வேலை ஹார்டு அனோடைசிங், குளிர்ந்த ஆசிட் டேங்கில் கரண்ட் கொடுத்து அலுமினியத்தின் மேல் கெட்டியான ஆக்ஸைடு படலத்தை வளர்ப்பது. மெஷின் செய்த முகங்கள் கரிச்சாம்பல் நிறத்தில் ஓரளவு சீராக இருந்தன. வார்த்தபடியே விட்ட பக்கங்களில் திட்டுத் திட்டாகத் தேமல். உலோகம் உள்ளே பாய்ந்த கேட் பக்கத்தில் ஒரு மெல்லிய காது உண்டு. அது சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, நகம் பட்டதும் உதிர்ந்தது. டிராயிங்கில் படலத்தின் தடிமன் 50 மைக்ரான், கடினம் 400 விக்கர்ஸ் என்று போட்டிருந்தது. போனில் வாடிக்கையாளர் கேட்ட முதல் கேள்வி, "உங்க டேங்க்ல என்னங்க பிரச்சினை?"

டேங்கில் பிரச்சினை இருக்கலாம். ஆனால் டை காஸ்ட் பாகம் என்று வந்துவிட்டால் டேங்க் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டிய ஆள். உலோகம், அதன் மேல்தோல், கழுவிய விதம், மாட்டிய விதம், கரண்ட் ஏற்றிய விதம், அப்புறம்தான் டேங்க். இந்த வரிசையில் தேடினால் ஒரே நாளில் விடை கிடைக்கும். தலைகீழாகத் தேடினால் வாரக்கணக்கில் ஆசிட்டை மாற்றிக்கொண்டிருப்போம். நான் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

ஒரு லாட் கெட்டதும் கை தானாக, டேங்குக்குக் கரண்ட் கொடுக்கும் ரெக்டிஃபயர் பக்கம் போகும். ஆசிட்டைக் கொஞ்சம் கூட்டு, வோல்ட்டைக் கொஞ்சம் குறை, ஆசிட்டைக் குளிர்விக்கும் சில்லரை இன்னும் இரண்டு டிகிரி இறக்கு. மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், அடுத்த லாட் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. எதையும் மாற்றாமல் இரண்டு ஓட்டம் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு 6061 அல்லது 6082 அலுமினிய அலாய் தகட்டில் 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 2 சதுர டெசிமீட்டர். இதைத் தனியாக, வழக்கமான கரண்ட் டென்சிட்டியில் (சதுர டெசிமீட்டருக்கு இத்தனை ஆம்பியர் என்ற கணக்கு) ஓட்டுங்கள். பாகத்தோடு சேர்த்து ஒரே ராக்கில் மாட்டாதீர்கள். இரண்டு வகை அலாய் ஒன்றாக மாட்டினால் எது எளிதாகக் கரண்ட் எடுக்குமோ அது பங்கைத் தின்றுவிடும், மற்றது பட்டினி கிடக்கும். அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. தகட்டில் படலம் சீராக, கெட்டியாக, கணக்குப்படி தடிமனாக வந்தால் டேங்க், சில்லர், ரெக்டிஃபயர் மூன்றும் விடுதலை.

இரண்டாவது ஓட்டத்துக்குக் கெட்டுப்போன லாட்டிலிருந்து இன்னும் அனோடைஸ் செய்யாத ஒரு பாகத்தை எடுங்கள். வார்த்தபடியே இருக்கும் ஒரு பக்கத்தில் பாதியை மட்டும் மில்லிங்கிலோ அரத்திலோ அரை மில்லிமீட்டர் வரை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். அரைத்த பாதி நன்றாகவும் அரைக்காத பாதி மோசமாகவும் வந்தால் குற்றவாளி மேல்தோல், அல்லது அதைச் சுத்தம் செய்த விதம். இரண்டு பாதியும் ஒரே மாதிரி மோசம் என்றால் அலாய், அல்லது மாட்டிய விதம், அல்லது கரண்ட் ஏற்றிய வேகம்.

இந்த இரண்டு ஓட்டத்துக்கும் அரை நாள் போதும்.

என்ன உலோகம் என்று தெரியாமல் பேசாதீர்கள்

ஏடிசி12 என்று சலானில் எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பெயருக்குள் சிலிக்கான் 9.6 முதல் 12 சதவீதம் வரையும், தாமிரம் 1.5 முதல் 3.5 சதவீதம் வரையும் இருக்கலாம். தாமிரம் 1.6 உள்ள உருக்கும் 3.4 உள்ள உருக்கும் ஒரே பெயரில்தான் வரும். அனோடைசிங் டேங்கில் இரண்டும் இரண்டு வேறு உலோகம். போன மாதம் நன்றாக வந்ததே, இந்த மாதம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பாதி நேரம் பதில் இதுதான். பெரும்பாலான டை காஸ்டிங் இங்காட் (உலோகக் கட்டி) பழைய அலுமினியத்தை உருக்கி வார்ப்பது. உருக்குக்கு உருக்கு மாறும். ஆகவே எது எத்தனை சதவீதம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட் லாட்டுக்கு ஒன்று கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டின் நகல் வேண்டாம், இந்த ஹீட்டின், அதாவது இந்த உருக்கின் ரிப்போர்ட்.

சிலிக்கானும் தாமிரமும் கெடுக்கும் விதம் வேறு வேறு. சிலிக்கான் அனோடைஸ் ஆகாது. அலுமினியம் ஆக்ஸைடாக மாற மாற, சிலிக்கான் துகள்கள் அப்படியே படலத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். படலம் அவற்றைச் சுற்றிக்கொண்டு வளர வேண்டும். அதனால்தான் நிறம் இருண்ட சாம்பல், தடிமன் மேடும் பள்ளமும், கடினம் குறைவு. தாமிரம் செய்வது வேறு வேலை. அலுமினியமும் தாமிரமும் சேர்ந்த துகள்கள் ஆசிட்டில் மற்றதைவிட வேகமாகக் கரைந்து படலத்தில் குழி விடும். அந்த இடத்தில் கரண்ட் குவியும், சூடு ஏறும், எரியும். சுருக்கமாகச் சொன்னால் சிலிக்கான் அழகைக் கெடுக்கும், தாமிரம் பாகத்தையே கெடுக்கும். இரண்டில் எதற்குப் பயப்படுவீர்கள் என்று கேட்டால் நான் தாமிரம் என்பேன்.

ஏ380, எல்எம்24 என்ற வார்ப்பு அலாய்கள் இரண்டிலும் தாமிரம் 3 முதல் 4 சதவீதம். எரியும் அபாயம் அங்கே இன்னும் அதிகம். எல்எம்6 எடுத்துக்கொண்டால் சிலிக்கான் 10 முதல் 13 வரை இருந்தாலும் தாமிரம் 0.1 சதவீதத்துக்குள். நிறம் கறுக்கும், ஆனால் அமைதியாக ஓடும். அழுத்தமில்லாமல் ஊற்றி வார்க்கும் கிராவிட்டி டை காஸ்டிங்கில் வரும் எல்எம்25 இவற்றைவிட எவ்வளவோ மேல், அதில் சிலிக்கான் 7 சதவீதம் அளவுதான். மெக்னீசியம் வகையான ஏடிசி6, எல்எம்5 போன்றவை அனோடைசிங்குக்கு அருமையானவை. வார்ப்பவருக்கு அவை தலைவலி என்பதால் யாரும் சுலபத்தில் சம்மதிக்க மாட்டார்கள்.

இதை வாடிக்கையாளரிடம் பேசும்போது ஐஎஸ்ஓ 10074 கைகொடுக்கும். ஹார்டு அனோடைசிங்குக்கான அந்தத் தரநிலை சாதாரண ரோலிங், எக்ஸ்ட்ரூஷன் அலாய்களுக்குக் குறைந்தபட்சம் 400 விக்கர்ஸ் கேட்கிறது. தாமிரம் 2 சதவீதத்துக்கும் சிலிக்கான் 8 சதவீதத்துக்கும் குறைவான வார்ப்பு அலாய்களுக்கு 250 போதும் என்கிறது. அதற்கு மேல் போகும் வார்ப்புகளுக்கு எண்ணே கொடுப்பதில்லை, இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறது. ஏடிசி12 அந்தக் கடைசி வகுப்பில் வருகிறது. 6061 பாகத்தின் டிராயிங்கிலிருந்து 50 மைக்ரான், 400 விக்கர்ஸ் என்ற வரியைக் காப்பியடித்து ஏடிசி12 டிராயிங்கில் ஒட்டியிருந்தால், அந்த வரியை மாற்றச் சொல்வதுதான் முதல் பழுதுபார்ப்பு.

வார்ப்பின் தோலைப் படியுங்கள்

பிரஷர் டை காஸ்டிங்கில் உருகிய உலோகம் டையின் குளிர்ந்த சுவரில் மோதி உடனே உறைகிறது. அந்த மேல்தோல் உள்ளே இருக்கும் உலோகத்தைப் போல இருப்பதில்லை. இரண்டு ஓட்டங்கள் சந்தித்து ஒட்டாமல் விட்ட கோல்டு ஷட் கோடுகள், உலோகம் பாய்ந்த தடம், வார்ப்பு ஒட்டாமலிருக்க டையில் அடித்த ரிலீஸ் ஏஜென்ட் கருகி ஒட்டிய படிவு, பிளஞ்சர் கிரீஸின் கரி எல்லாம் அங்கேதான் இருக்கும். ரிலீஸ் ஏஜென்ட் சிலிக்கோன் வகையாக இருந்தால் சாதாரண சோப்பு டீகிரீசருக்கு அசையாது. கழுவியபின் பாகத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கி அரை நிமிடம் கவனியுங்கள். தண்ணீர் ஒரே தாளாக வழிந்தால் சுத்தம். எங்கே நீர் விலகி முத்து முத்தாக நிற்கிறதோ அங்கே நாளை தேமல் வரும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு அனோடைஸ் செய்து பாருங்கள், அநேகமாக அதே இடம்தான்.

ஷாட் பிளாஸ்டிங் செய்து வந்த பாகம் என்றால் எந்த ஷாட் என்று கேளுங்கள். இரும்பு ஷாட் என்றால் மென்மையான அலுமினியத்தில் இரும்புத் துணுக்குகள் பதிந்திருக்கும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு குழி. கிளாஸ் பீடோ அலுமினா கிரிட்டோ வைத்துச் செய்யச் சொல்லுங்கள். இரும்பு இன்சர்ட் வைத்து வார்த்த பாகம் வந்தால், அதை முழுதாக மாஸ்க் செய்ய (ஆசிட் படாமல் மூட) வழி இல்லையென்றால் டேங்குக்குள் விடவே விடாதீர்கள். இரும்பு படலம் போடாது, கரண்டை மட்டும் குடித்துக்கொண்டு கரையும். பக்கத்து அலுமினியத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

வாயுத்துளைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

கழுவுவதில்தான் பாதி வெற்றி

எக்ஸ்ட்ரூஷனுக்குப் பழகிய கை, வார்ப்பையும் காஸ்டிக் சோடாவில் மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுக்கும். போடாதீர்கள். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும், சிலிக்கானைத் தொடாது. எடுக்கும்போது பாகம் கரிக்கட்டை மாதிரி இருக்கும். அந்தக் கறுப்புதான் ஸ்மட், வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சிலிக்கானும் தாமிரமும். உலோகத்தை அரிக்காத (எட்ச் ஆகாத) டீகிரீசரில் நன்றாகக் கழுவினால் பெரும்பாலும் காஸ்டிக்கே தேவையில்லை. தோலை உடைத்தே ஆக வேண்டும் என்றால் அரை நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து டீஸ்மட், அதாவது அந்தக் கறுப்பை எடுப்பது. வெறும் நைட்ரிக் ஆசிட் தாமிரத்தை எடுக்கும், சிலிக்கானை எடுக்காது. சிலிக்கானைக் கரைக்க ஃப்ளூரைடு வேண்டும். பாதிக்குப் பாதி நைட்ரிக்கில் லிட்டருக்கு 60 முதல் 120 கிராம் அமோனியம் பைஃப்ளூரைடு கலந்த குளியல் இந்த வேலைக்குப் பழகிய ஒன்று. அறை வெப்பத்தில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போதும். எடுத்து அலசி, ஈரமாக இருக்கும்போதே வெள்ளை டிஷ்யூ தாளால் ஒரு மூலையை அழுத்தித் துடையுங்கள். தாள் கறுத்தால் இன்னும் சிலிக்கான் பொடி இருக்கிறது, திரும்பவும் பத்து இருபது விநாடி முக்குங்கள். தாள் வெள்ளையாக வந்தால் போகலாம். எங்கள் கடையில் இந்தத் தாளை லாட் கார்டோடு பின் அடித்து வைக்கிறோம். அற்பமாகத் தோன்றும், ஆனால் இதைத் தொடங்கிய பிறகு தேமல் என்ற வார்த்தையே அரிதாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தில் விளையாட்டே கூடாது. பைஃப்ளூரைடு ஆசிட்டில் கலந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் உண்டாகும். தோலில் பட்டால் உடனே எரியாமலும் இருக்கலாம். மணிக்கணக்கு கழித்து வலி எலும்பு வரை இறங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். முழங்கை வரை ரப்பர் கையுறை, முகத்துக்கு ஷீல்டு, புகை உறிஞ்சி, கைக்கெட்டும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இவ்வளவும் இல்லாமல் இந்த டேங்கை வைக்கவே வேண்டாம். பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், என்ன ஆசிட் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். டேங்க் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கண்ணாடியையும் இது தின்னும்.

மாட்டுவதில் சோம்பல் கூடாது

ஹார்டு அனோடைசிங்கில் எரிந்த பாகங்களில் கணிசமானவை ராக்கில்தான் எரிகின்றன. கான்டாக்ட் தளர்வாக இருந்தால் அங்கே சூடாகும், பொறி விடும். டைட்டானியம் ராக் அலங்கார அனோடைசிங்குக்கு வசதி. ஆனால் அது கரண்டை அலுமினியம் அளவுக்குக் கடத்தாது, அதிக ஆம்பியரில் சூடாகும். ஹார்டு வேலைக்கு நான் அலுமினிய ராக்கைத்தான் விரும்புவேன். ஒவ்வொரு லோடுக்கும் பிறகு அதை ஸ்ட்ரிப் செய்து படலத்தை எடுக்க வேண்டும், செலவுதான். ஸ்ட்ரிப் செய்யாத ராக் என்பது படலம் மூடிய ராக். அதில் மாட்டினால் கரண்ட் போகாது, போகும் இடத்தில் எரியும்.

போல்ட் போட்டு இறுக்க முடிந்தால் இறுக்குங்கள். வார்ப்பு நொறுங்கும் குணமுள்ளது, மெல்லிய இடத்தில் ஸ்பிரிங் அழுத்தம் கொடுத்தால் விரிசல் விடும். கனமான இடமாகப் பார்த்து இரண்டு கான்டாக்ட் கொடுங்கள். கான்டாக்ட் இருந்த இடத்தில் படலம் இருக்காது. எந்த இடத்தில் அந்தத் தடம் இருந்தால் பரவாயில்லை என்று வாடிக்கையாளரிடமே டிராயிங்கில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மெல்லிய காது, கூரான மூலை, கேட் வெட்டிய முனை எதுவும் கேத்தோடைப் (டேங்கில் எதிரே நிற்கும் நெகட்டிவ் தகடு) பார்த்து நிற்கக் கூடாது. அங்கேதான் கரண்ட் குவியும்.

திரெட் (மரை) இருந்தால் ஒரு கணக்கு. படலத்தில் ஏறக்குறைய பாதி உள்ளே போகும், பாதி வெளியே வளரும். 60 டிகிரி திரெட்டில் பிட்ச் விட்டம் (மரையின் நடு விட்டம்), ஒரு பக்கம் வெளியே வளர்ந்த அளவைப் போல நாலு மடங்கு மாறும். 25 மைக்ரான் படலத்துக்கு ஒரு பக்கம் 12.5 என்று வைத்தால் பிட்ச் விட்டத்தில் 50 மைக்ரான். எம்5 திரெட்டில் போல்ட் போகவில்லை என்று புகார் வரும். பிளக் போட்டு மாஸ்க் செய்வது மலிவு.

கரண்ட் ஏற்றுவது

ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். சதுர டெசிமீட்டருக்கு ஒரு ஆம்பியர், ஒரு நிமிடம் என்றால் சுமார் 0.3 மைக்ரான். 2.5 ஆம்பியரில் 25 மைக்ரான் வர ஏட்டுக்கணக்குப்படி 33 நிமிடம் ஆகும். ஏடிசி12-ல் கரண்டின் ஒரு பகுதி வீணாகப் போகும், ஆகவே இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். எவ்வளவு கூடுதல் என்பதை முதல் லாட்டில் அளந்து அந்தப் பாகத்துக்கான எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரப்பைச் சரியாகக் கணக்கிடாமல் இதெல்லாம் வீண். ரிப், துளை, உள்பக்கம் எல்லாம் சேர்க்க வேண்டும். காஸ்டிங்கின் முப்பரிமாண மாடலைக் கேட்டு வாங்கினால் சாஃப்ட்வேரே பரப்பைச் சொல்லிவிடும்.

6061-க்கு 3 ஆம்பியர் வரை அசராமல் போகலாம். ஏடிசி12-க்கு 1.5-லிருந்து 2.5-க்குள் இருங்கள். அதையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். அரை ஆம்பியரில் தொடங்கி 15 முதல் 20 நிமிடத்தில் முழுக் கரண்டுக்கு வரவேண்டும். முதல் சில மைக்ரான் மெதுவாக, மூடாத இடமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டால் பிறகு வருவதைத் தாங்கும்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த நோட்டைவிட நல்ல டாக்டர் கிடையாது. ஆம்பியர் நிலையாக இருக்கும்போது வோல்ட் சீராக ஏறிக்கொண்டே போனால் படலம் வளர்கிறது. ஹார்டு வேலையில் 60 வோல்ட்டைத் தாண்டுவது சாதாரணம், சிலிக்கான் கூடினால் இன்னும் மேலே போகும். வோல்ட் தொடக்கத்தில் ஏறிவிட்டு ஓரிடத்தில் படுத்துக்கொண்டால், வளரும் வேகத்துக்கு ஆசிட் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டேங்க் வெப்பத்தைப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட மடமடவென்று ஏறினால் பாதிப் பாகங்கள் கான்டாக்ட் விட்டிருக்கலாம், மிச்சப் பாகங்கள் மொத்தக் கரண்டையும் சுமக்கின்றன. ஏறிக்கொண்டிருந்த வோல்ட் திடீரென்று சரிந்தால் எங்கோ எரிய ஆரம்பித்துவிட்டது. ஓரிடத்தில் படலம் சூடாகிக் கரைகிறது, மெலிந்த இடத்தில் கரண்ட் கூடுகிறது, கரண்ட் கூடினால் இன்னும் சூடு. இந்தச் சுழல் தானாக நிற்காது. உடனே ஆஃப் செய்து ராக்கைத் தூக்கினால் ஒன்றிரண்டு பாகத்தோடு போகும். பார்ப்போம் என்று ஐந்து நிமிடம் விட்டால் ராக்கே போகும்.

பல்ஸ் ரெக்டிஃபயர் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் சௌகரியம். கரண்ட் ஏறி இறங்குவதால் இறங்கும் நேரத்தில் சூடு வெளியேற வழி கிடைக்கிறது. தாமிரம் அதிகமான அலாய்க்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இப்போது டேங்க்

6061 தகடே கெட்டிருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். சல்ஃப்யூரிக் ஆசிட் லிட்டருக்கு 165 முதல் 200 கிராம், கரைந்த அலுமினியம் 5 முதல் 15 கிராம், வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி, மைனஸ் 2 முதல் பிளஸ் 3 டிகிரிக்குள். லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் சேர்த்தால் படலம் கரைவது குறையும், கொஞ்சம் கூடுதல் வெப்பத்தையும் தாங்கும்.

தெர்மாமீட்டர் டேங்க் மூலையில் தொங்கிக்கொண்டு பூஜ்யம் காட்டும், பாகத்தை ஒட்டிய ஆசிட் பத்து டிகிரியில் இருக்கும். அலுங்காத டேங்கில் இதுதான் நடக்கும். ஒரு கணக்குப் பாருங்கள். 12 பாகம், ஒன்றுக்கு 4 சதுர டெசிமீட்டர், 2.5 ஆம்பியர் என்றால் மொத்தம் 120 ஆம்பியர். 60 வோல்ட்டில் அது 7.2 கிலோவாட் ஹீட்டர். சில்லர் கணக்கில் இரண்டு டன். இந்தச் சூடு முழுக்கப் பாகத்தின் தோலில்தான் பிறக்கிறது. ஆசிட்டைக் கலக்கும் காற்றுக் குழாயின் துளைகள் பாதி அடைத்திருந்தால் சில்லர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. குழாயை எடுத்துப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று யோசியுங்கள்.

தகட்டில் ஊசி குத்தியது போலக் குழிகள் வந்தால் குளோரைடைச் சந்தேகப்படுங்கள். போர்வெல் தண்ணீரில் அலசும் கடைகளில் இது சகஜம். அலசும் தண்ணீரில் ஒரு கிண்ணம் எடுத்து, இரண்டு சொட்டு நைட்ரிக், இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் போலக் கலங்கினால் அந்தத் தண்ணீர் அனோடைசிங்குக்கு முந்தைய கடைசி அலசலுக்கு ஆகாது. ராக்கோடு ஒட்டிக்கொண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அனோடைசிங் டேங்குக்குள் போய்ச் சேரும். வெளியே எடுக்க வழியில்லை, ஆசிட்டைப் பகுதி பகுதியாக மாற்றத்தான் வேண்டும். ஆர்ஓ தண்ணீருக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

நான்கு நாள் கழித்து வரும் போன்

பாகம் நன்றாகப் போனது, பில்லும் போட்டாயிற்று. நான்கு நாள் கழித்து, "வெள்ளையா பூத்துப் போயிருக்குங்க" என்று போட்டோ வரும். வார்ப்பின் வாயுத்துளைகளுக்குள் புகுந்த ஆசிட் மெல்ல மெல்லக் கசிந்து உப்பாகப் பூக்கிறது. பிரஷர் டை காஸ்டிங்கில் காற்றும் சேர்ந்தே அடைபடும். மெஷினிங் செய்யும்போது அந்தத் துளைகளின் வாய் திறக்கும்.

முடிந்த அளவு கழுவலாம். குளிர்ந்த நீர், 50 முதல் 60 டிகிரி வெந்நீர், மறுபடி குளிர்ந்த நீர் என்று மாற்றி மாற்றி அலசினால் துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து சுருங்கி ஆசிட்டை வெளியே தள்ளும். நடுவில் 5 சதவீத சோடியம் பைகார்பனேட்டில் ஒரு முக்கு. அல்ட்ராசானிக் இருந்தால் உத்தமம். இதையெல்லாம் மீறியும் பூக்கும் பாகத்துக்கு ஒரே வழி மெஷினிங்குக்குப் பிறகு, அனோடைசிங்குக்கு முன் வேக்வம் இம்ப்ரெக்னேஷன். ரெசின் துளைகளை அடைத்துவிடும். வெளியே வழிந்த ரெசினைச் சரியாகக் கழுவாமல் அனுப்பினால் அதுவே புதுத் தேமலாகும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

அளப்பதில் ஏமாறாதீர்கள்

படலத் தடிமன் அளக்கும் எடி கரண்ட் கேஜை, அதனுடன் வந்த அலுமினியத் தகட்டில் ஜீரோ செய்துவிட்டு ஏடிசி12-ல் வைத்தால் பொய் சொல்லும். உலோகத்தின் கடத்துதிறன் வேறு. அதே லாட்டின் அனோடைஸ் ஆகாத பாகத்தில், அதே வகை மேற்பரப்பில் ஜீரோ செய்யுங்கள். பத்து இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். வார்த்த பரப்பில் ஒற்றை ரீடிங்குக்கு மதிப்பே இல்லை. தகராறு என்று வந்தால் ஒரு பாகத்தை வெட்டி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் தீர்ப்பு. சிலிக்கான் துகளைச் சுற்றிப் படலம் எப்படி நெளிந்து போகிறது என்பதை வாடிக்கையாளர் ஒருமுறை அந்தப் படத்தில் பார்த்துவிட்டால் பேச்சு சுமுகமாகிவிடும்.

கடினத்தையும் அந்த வெட்டுமுகத்தில்தான் அளக்க வேண்டும். மேலிருந்து குத்தி அளந்தால் கீழே இருக்கும் மென்மையான உலோகமும் சேர்ந்து கணக்கில் வரும். தேய்மானத்துக்கான பாகம் என்றால் சீலிங் (படலத்தின் நுண்துளைகளை அடைப்பது) செய்யாதீர்கள், தேய்மானம் தாங்கும் திறன் குறையும்.

கெட்டதை ஸ்ட்ரிப் செய்து மறுபடி போடலாமா? 6061-ல் ஒருமுறை போடலாம். வார்ப்பில் ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் அலுமினியத்தைத் தின்று சிலிக்கானை இன்னும் வெளியே நிறுத்தும், போர் (உள்விட்டம்) பெரிதாகும், துளைகளின் வாய் அகலும். நான் வார்ப்பில் ஸ்ட்ரிப் செய்து சரிசெய்யும் வேலையை எடுப்பதை நிறுத்தி நாளாயிற்று. அதேபோல் எல்லாப் பாகமும் ஹார்டு அனோடைஸ் ஆகியே தீர வேண்டும் என்பதும் இல்லை. துருப்பிடிக்காமல் இருந்தால் போதும் என்றால் பவுடர் கோட்டிங், தேய்மானம்தான் முக்கியம் என்றால் கரண்ட் இல்லாமல் பூசும் எலக்ட்ரோலெஸ் நிக்கல். ஏடிசி12-க்கு இரண்டுமே பல நேரம் பொருத்தமான பதில்.

அந்தப் பன்னிரண்டு வால்வ் பாடிக்கு வருவோம். 6061 தகடு 48 மைக்ரானில் கண்ணாடி மாதிரி வந்தது, டேங்க் தப்பித்தது. பாதி அரைத்த பாகத்தில் அரைத்த பக்கம் சீர், அரைக்காத பக்கம் தேமல். டிஷ்யூ தாள் மை பூசியது போலக் கறுத்தது, டீஸ்மட் டேங்கில் ஃப்ளூரைடு தீர்ந்து வெறும் நைட்ரிக்தான் மிச்சம் இருந்திருக்கிறது. அது எங்கள் தவறு. ஸ்பெக்ட்ரோவில் தாமிரம் 3.1 சதவீதம். பாகத்துக்கு ஒரே கான்டாக்ட், அதுவும் காதுக்கு எதிர்ப்பக்கம். 8 நிமிடத்தில் முழுக் கரண்ட். பைஃப்ளூரைடு சேர்த்தோம், இரண்டு கான்டாக்ட் கொடுத்தோம், 20 நிமிடமாக நீட்டினோம், 2 ஆம்பியரில் நிறுத்தினோம். டிராயிங்கில் 50 மைக்ரான் 25 ஆனது, 400 விக்கர்ஸ் என்ற வரி போய், ஒப்புக்கொண்ட மாதிரிப் பாகத்தோடு ஒப்பிடுவது என்று ஆனது. அடுத்த லோடில் ரீடிங் 22-லிருந்து 27-க்குள் நின்றது.

அந்தக் காதை மட்டும் இன்னமும் கேத்தோடுக்கு முதுகு காட்டித்தான் மாட்டுகிறோம்.